கைதுக்குப் பின் வழக்கறிஞரை அமர்த்துதல் (இந்தியா)

கைதுக்குப் பின் வழக்கறிஞரை அமர்த்துதல் என்பது, குற்றம் செய்ததாகக் கருதப்பட்டுக் கைது செய்யப்பட்ட ஒருவர், தமக்கு ஆலோசனை வழங்கவும் நீதிமன்றத்தில் தம் சார்பில் வாதாடவும் ஒரு வழக்கறிஞரை நியமித்துக்கொள்வதைக் குறிக்கும். இந்தியாவில் இது அரசியலமைப்புச் சட்டத்தின் 22(1)-ஆம் உறுப்பால் உறுதிசெய்யப்பட்ட அடிப்படை உரிமையாகும். இவ்வுரிமை கைது செய்யப்பட்டவுடனேயே தொடங்குகின்றது. வழக்கறிஞரை அமர்த்தப் பணம் இல்லாதவருக்கு அரசின் செலவில் வழக்கறிஞர் வழங்கப்பட வேண்டும் என்பதும் சட்டமாகும். பிணை, நீதிமன்றக் காவல், வாக்குமூலம் ஆகியவற்றைப் பற்றிய முக்கிய முடிவுகள் பெரும்பாலும் கைதின் முதல் சில நாட்களிலேயே எடுக்கப்படுவதால், வழக்கறிஞர் எப்போது வந்து சேர்கிறார் என்பது வழக்கின் போக்கையே மாற்றக்கூடும்.

சொற்பொருள்

தமிழில் வழக்கறிஞர், வழக்குரைஞர், வக்கீல் ஆகிய சொற்கள் ஒரே பொருளில் வழங்குகின்றன. வக்கீல் என்பது அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல். வழக்கறிஞருக்கு வழங்கப்படும் அதிகாரப் பத்திரத்தைக் குறிக்கும் வக்காலத்து என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததாகும். வழக்கறிஞரை அமர்த்துபவர் கட்சிக்காரர் எனப்படுகிறார். அரசுத் தரப்பில் வாதாடுபவர் அரசு வழக்கறிஞர் எனவும், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எனவும் அழைக்கப்படுகின்றனர்.

வரலாறு

பிரித்தானிய ஆட்சிக்காலத்தின் 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், தன் 340-ஆம் பிரிவில், குற்றவியல் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படும் எவரும் வழக்கறிஞர் மூலம் வாதாடலாம் என்று கூறியது. இது நீதிமன்றத்தில் நடைபெறும் விசாரணையைப் பற்றியதாகவே இருந்தது. காவல் நிலையத்தில் இருப்பவரைப் பற்றி அது பேசவில்லை.

அரசியல் நிர்ணய சபையில் தனிமனித விடுதலை பற்றிய உறுப்பு போதிய பாதுகாப்பு அளிக்கவில்லை என்ற குறை எழுந்தது. அதனை ஈடுசெய்யும் வகையில் 1949 செப்டம்பரில் அம்பேத்கர் ஒரு புதிய உறுப்பை முன்மொழிந்தார். அதுவே இன்றைய 22-ஆம் உறுப்பாகும். கைதுக்கான காரணத்தைத் தெரிவித்தல், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்தாலோசித்தல், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தப்படுதல் ஆகிய மூன்றும் இதன் மூலம் அடிப்படை உரிமைகள் ஆயின.

தொடக்கத்தில் நீதிமன்றங்கள் இவ்வுரிமைக்குக் குறுகிய பொருளே கொண்டன. ஜனார்த்தன் ரெட்டி எதிர் ஐதராபாத் மாநிலம் (1951) வழக்கில், வழக்கறிஞர் இல்லாமல் நடந்தது என்பதற்காக மட்டும் ஒரு கொலை வழக்கின் விசாரணை செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் கருதியது. அதாவது, பணம் இருப்பவர் வழக்கறிஞரை வைத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடாது என்ற அளவிலேயே உரிமை நின்றது.

1970-களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. 42-ஆவது திருத்தத்தின் வழியே (1976) சேர்க்கப்பட்ட 39-ஏ உறுப்பு, இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. இதன் பின் வந்த முக்கியத் தீர்ப்புகள் வருமாறு:

- நந்தினி சத்பதி வழக்கு (1978): ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் தொடர்பான இவ்வழக்கில், காவல்துறை விசாரணையின்போதும் வழக்கறிஞரின் துணையை நாடலாம் என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு கூறியது.
- உசைனாரா கத்தூன் வழக்கு (1979): பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாக இருந்தோரைப் பற்றியது. இலவச சட்ட உதவி இல்லாத விசாரணை, 21-ஆம் உறுப்பு வேண்டும் நியாயமான நடைமுறை ஆகாது எனப்பட்டது.
- காத்ரி வழக்கு (1981): பாகல்பூரில் காவலில் இருந்தோரின் கண்கள் குருடாக்கப்பட்ட நிகழ்வு பற்றியது. முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தப்படும்போதே சட்ட உதவி உரிமை தொடங்குகிறது என்றும், அதனைக் கைதானவருக்கு எடுத்துச் சொல்வது நடுவரின் கடமை என்றும் கூறப்பட்டது.
- சுக் தாஸ் வழக்கு (1986): சட்ட உதவி உண்டு என்று சொல்லப்படாமலேயே விசாரிக்கப்பட்டவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை நீக்கப்பட்டது. உரிமையைக் கேட்காதது குற்றம் சாட்டப்பட்டவரின் தவறாகாது என்பது இதன் சாரம்.
- டி. கே. பாசு வழக்கு (1996): கைதின்போது காவல்துறை பின்பற்ற வேண்டிய 11 விதிகள் வகுக்கப்பட்டன. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று.
- அஜ்மல் கசாப் வழக்கு (2012): வழக்கறிஞர் உரிமையைக் கைதானவருக்குத் தெரிவிக்கத் தவறும் நடுவர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் எனப்பட்டது.

சட்ட அடிப்படை

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா (2023) 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கைதானவரின் வழக்கறிஞர் உரிமை தொடர்பான அதன் பிரிவுகள் பின்வருமாறு:

- பிரிவு 36: கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். அதில் குறைந்தது ஒரு சாட்சியும் கைதானவரும் கையொப்பமிட வேண்டும்.
- பிரிவு 38: விசாரிக்கப்படுபவர் தாம் விரும்பும் வழக்கறிஞரை விசாரணையின்போது சந்திக்கலாம். ஆயினும் விசாரணை முழுவதும் வழக்கறிஞர் உடனிருக்க இயலாது. இது 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பழைய 41-டி பிரிவின் தொடர்ச்சியாகும்.
- பிரிவு 47: கைதுக்கான காரணம் உடனடியாகத் தெரிவிக்கப்பட வேண்டும்.
- பிரிவு 48: உறவினருக்கோ நண்பருக்கோ கைது பற்றித் தகவல் தரப்பட வேண்டும்.
- பிரிவு 58: பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்கு மேல் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது.
- பிரிவு 340: தாம் விரும்பும் வழக்கறிஞர் மூலம் வாதாடும் உரிமை.
- பிரிவு 341: வழக்கறிஞரை அமர்த்த இயலாதவருக்கு நீதிமன்றமே அரசின் செலவில் வழக்கறிஞரை நியமித்தல்.

1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 340 என இருந்த வழக்கறிஞர் உரிமைப் பிரிவு, 1973-இல் 303 ஆகி, 2023-இல் மீண்டும் 340 ஆனது குறிப்பிடத்தக்கது.

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் கூறுவது இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதைப் பாரதிய சாக்சிய அதினியத்தின் (2023) 132-ஆம் பிரிவு கூறுகின்றது. நடைபெறப்போகும் குற்றத்துக்கு உதவியாகச் சொல்லப்படுபவை இதற்கு விலக்காகும்.

முதல் 24 மணி நேரம்

கைதான உடனே வழக்கறிஞரைத் தேடுபவர் பெரும்பாலும் கைதானவராக இருப்பதில்லை, அவரது குடும்பத்தாரே. எந்தக் காவல் நிலையம், எந்தக் குற்ற எண், எந்தச் சட்டப்பிரிவுகள், எப்போது கைது, எந்த நடுவர் முன் நிறுத்தப்படுவார் ஆகிய ஐந்தும் வழக்கறிஞருக்கு முதலில் தேவைப்படும் செய்திகளாகும். முதல் தகவல் அறிக்கையின் நகல் கிடைத்தால் இவற்றுள் பெரும்பாலானவை அதிலேயே இருக்கும். 2016-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகள் காவல்துறையின் இணையத்தளத்தில் வெளியிடப்படுகின்றன.

காவல் நிலையத்தில் வழக்கறிஞர் செய்யும் முதன்மையான பணி, கைதானவருக்கு அவருடைய நிலையை விளக்குவதாகும். தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை 20(3)-ஆம் உறுப்பில் உள்ளது. காவல்துறை அதிகாரியிடம் தரப்படும் ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக நீதிமன்றத்தில் சான்றாகாது. ஆனால் அவ்வாக்குமூலத்தின் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனோடு தொடர்புடைய பகுதி மட்டும் சான்றாக ஏற்கப்படலாம். எழுதப்படாத தாள்களில் கையொப்பமிடக்கூடாது என்பதும் வழக்கறிஞர்கள் வழக்கமாகக் கூறும் அறிவுரையாகும்.

நடுவர் முன் நிறுத்தப்படும் வேளை இன்னும் முக்கியமானது. காவலில் வைக்கக் கோரும் மனுவை எதிர்த்து வழக்கறிஞர் அப்போதே வாதிடலாம். கைதான நேரம் சரியாகக் காட்டப்பட்டுள்ளதா, உடலில் காயங்கள் உள்ளனவா, கைதுக் காரணம் எழுத்தில் தரப்பட்டதா என்பன அப்போது சுட்டிக்காட்டப்படுகின்றன. ஏழாண்டு வரையிலான சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் கைது தேவைதானா என்பதைக் காவல்துறை எழுத்தில் விளக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. விளக்கம் போதாது எனில் காவலில் வைக்க நடுவர் மறுக்கலாம். இவ்வாதத்தை எடுத்துரைக்க ஒருவர் இல்லாதபோது, காவல் ஆணை சில நிமிடங்களில் பிறப்பிக்கப்பட்டுவிடுவது உண்டு.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்காதது கைதையே சட்டவிரோதமாக்கும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பு, காரணம் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தரப்பட வேண்டும் என்றும், உடனே தர இயலாதபோது நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது தரப்பட வேண்டும் என்றும் கூறியது. வழக்கறிஞர் அதனைப் படித்துப் பார்த்து வாதத்துக்கு ஆயத்தமாக இந்த இடைவெளி உதவும்.

வக்காலத்து

வழக்கறிஞரை முறைப்படி அமர்த்துவது வக்காலத்துப் பத்திரத்தில் கையொப்பமிடுவதன் மூலமாகும். கைதானவர் சிறையில் இருந்தால், பத்திரம் சிறைக்கு அனுப்பப்பட்டு, சிறை அதிகாரியின் சான்றொப்பத்துடன் திரும்பப் பெறப்படும். நேரம் இல்லாதபோது, நீதிமன்ற வளாகத்திலேயே கையொப்பம் பெறப்படுவது வழக்கம். பணம் கொடுப்பவர் தந்தையாகவோ சகோதரராகவோ இருந்தாலும், கட்சிக்காரர் கைதானவரே. வழக்கில் எடுக்கப்படும் முடிவுகள் அவருடைய விருப்பப்படியே அமைய வேண்டும்.

வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளவும் கட்சிக்காரருக்கு உரிமை உண்டு. கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டுகளைத் தர மறுக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

வழக்கறிஞரைத் தெரிவு செய்தல்

இந்தியாவில் குற்றவியல் வழக்குகளுக்கெனத் தனி உரிமம் இல்லை. வழக்கறிஞர் சட்டத்தின் (1961) கீழ் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட எவரும் எல்லா நீதிமன்றங்களிலும் வாதாடலாம். இதற்கு வழிசெய்யும் 30-ஆம் பிரிவு 2011 சூனில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே ஒருவர் குற்றவியல் வழக்குகளில் பழக்கமுடையவரா என்பதை அவருடைய பட்டத்தைக் கொண்டு அறிய இயலாது.

பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. இதனால் மக்கள் பெரும்பாலும் உறவினர், அண்டை வீட்டார், வழக்கறிஞரின் குமாஸ்தா ஆகியோர் சொல்வதைக் கேட்டே வழக்கறிஞரை நாடுகின்றனர். காவல் நிலைய வாசலிலும் நீதிமன்ற வளாகத்திலும் ஆள் பிடித்துத் தரும் இடைத்தரகர்கள் இந்த இடைவெளியைப் பயன்படுத்துகின்றனர். இவர்களைக் கட்டுப்படுத்த 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வழக்கறிஞர் சட்டத்தில் 45-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

தெரிவின்போது பொதுவாகக் கருதப்படுபவை:

- பதிவு எண் உடையவரா என்பது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ளோரின் பதிவைத் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் பேணுகின்றது.
- வழக்கு நடைபெறும் நீதிமன்றத்தில் வழக்கமாக வாதாடுபவரா என்பது. முதல் பிணை மனுவுக்கு உள்ளூர் வழக்கறிஞர் பல வேளைகளில் விரைவாக உதவ இயலும்.
- போதைப்பொருள், போக்சோ, பொருளாதாரக் குற்றம் போன்ற தனிச்சட்ட வழக்குகளில் முன் அனுபவம்.
- நேரில் வந்து வாதாடுபவர் அவரேயா, அவருடைய இளநிலை வழக்கறிஞரா என்பது.
- ஒரே வழக்கில் கைதான பலருக்கு ஒரே வழக்கறிஞர் என்றால், அவர்களுடைய நலன்கள் ஒன்றுக்கொன்று முரண்படுமா என்பது.

மூத்த வழக்கறிஞர் என நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டவர்கள் நேரடியாக வக்காலத்து தாக்கல் செய்வதில்லை. மற்றொரு வழக்கறிஞர் மூலமாகவே அவர்களை அமர்த்த முடியும்.

கட்டணம்

குற்றவியல் வழக்குகளில் வழக்கறிஞர் கட்டணத்துக்குச் சட்டப்படியான உச்சவரம்பு கிடையாது. நீதிமன்றக் காவலை எதிர்த்தல், நடுவர் நீதிமன்றத்தில் பிணை மனு, அமர்வு நீதிமன்றத்தில் பிணை மனு, உயர் நீதிமன்றம், விசாரணை என ஒவ்வொரு படிநிலைக்கும் தனித்தனியாகக் கட்டணம் பேசுவதே பெரும்பான்மை வழக்கம். முதலில் பேசிய தொகை எந்தப் படிநிலை வரைக்கும் என்பது தெளிவாக இல்லாததே பின்னாளில் எழும் பிணக்குகளுக்கு முதன்மைக் காரணமாகும்.

வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் என்று ஒப்பந்தம் செய்வதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஆகவே "பிணை கிடைத்தால் இவ்வளவு" என்ற பேச்சு தொழில் ஒழுங்குக்கு மாறானது. காவல்துறையினருக்கோ நீதிமன்ற ஊழியருக்கோ கொடுக்க வேண்டும் எனக் கேட்கப்படும் தொகை கட்டணம் ஆகாது. அது இலஞ்சம் தொடர்பான குற்றமாகும். வழக்கறிஞரின் தொழில்முறைத் தவறுகள் பற்றி மாநில பார் கவுன்சிலில் முறையிட, வழக்கறிஞர் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இடமளிக்கின்றது.

இலவச சட்ட உதவி

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் (1987), 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 12-ஆம் பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருடன், காவலில் உள்ள அனைவரும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பொருந்தாது. இதனைப் பலர் அறிந்திருப்பதில்லை. கைதானவர் ஏழை என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. காவலில் இருப்பதே தகுதியாகும்.

விண்ணப்பத்தை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, வட்ட சட்டப்பணிகள் குழு, சிறையிலுள்ள சட்ட உதவி மையம் ஆகியவற்றில் தரலாம். நடுவரிடம் நேரில் வாய்மொழியாகவும் கேட்கலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100 ஆகும். 2022 முதல் இவ்வாணைக்குழு, முழுநேரமாகக் குற்றவியல் வழக்குகளை மட்டும் நடத்தும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறையைப் பல மாவட்டங்களில் ஏற்படுத்தியுள்ளது.

பிணையும் காலக்கெடுவும்

பிணையில் விடத்தக்க குற்றங்களில் பிணை பெறுவது உரிமையாகும். பிணையாள் கிடைக்காமல் ஒரு வாரம் கடந்தால், சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரில் விடுவிக்க வழி உண்டு. பிற குற்றங்களில் பிணை வழங்குவது நீதிமன்றத்தின் முடிவைச் சார்ந்தது.

குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால் பிணை பெறும் உரிமை தானாகவே எழுகின்றது. பத்தாண்டோ அதற்கு மேற்பட்டோ தண்டனைக்குரிய குற்றங்களுக்கு 90 நாட்களும், பிற குற்றங்களுக்கு 60 நாட்களும் காலக்கெடுவாகும். போதைப்பொருள் சட்டத்தின் கீழ்வரும் சில குற்றங்களுக்கு இது 180 நாட்கள். ஆனால் உரிய நேரத்தில் கேட்காவிட்டால் இவ்வுரிமை பயனற்றுப் போகும். சென்னையில் பதிவான ஒரு போதைப்பொருள் வழக்கில், கெடு முடிந்தவுடன் பிணை மனு தாக்கலானது. அதே நாளில் விசாரணை அமைப்பும் கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. முதலில் கேட்டுவிட்டமையால் உரிமை உறுதியாகிவிட்டது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் வழக்கறிஞர் ஒருவர் இருப்பதன் பயனை இவ்வழக்கு காட்டுகின்றது.

வழக்கறிஞர் சங்கத் தீர்மானங்கள்

குறிப்பிட்ட குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக எந்த உறுப்பினரும் வாதாடக்கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் சில வேளைகளில் தீர்மானம் நிறைவேற்றியுள்ளன. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் காவல்துறையினருக்கும் இடையே ஏற்பட்ட மோதலைத் தொடர்ந்து, வழக்கில் சிக்கிய காவலர்களுக்காக வாதாடக்கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. ஏ. எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு மாநிலம் (2010) வழக்கில், இத்தகைய தீர்மானங்கள் அனைத்தும் செல்லாதவை என்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்சு, கியான் சுதா மிஸ்ரா ஆகியோர் தீர்ப்பளித்தனர். எவ்வளவு வெறுக்கப்படுபவராயினும் அவருக்காக வாதாடப்பட வேண்டும் என்பது இத்தீர்ப்பின் கருத்தாகும்.

விதிவிலக்குகள்

22(3)-ஆம் உறுப்பின்படி, பகை நாட்டவருக்கும் தடுப்புக்காவல் சட்டங்களின் கீழ் வைக்கப்பட்டவருக்கும் 22(1)-இல் உள்ள உரிமைகள் பொருந்தா. தமிழ்நாட்டில் பொதுவாகக் குண்டர் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டத்தின் கீழ் வைக்கப்படுவோர், அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் மூலம் வாதாடும் உரிமை பெற்றிலர். எனினும் அவர்கள் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் கிடியன் வழக்கு (1963), கடுங்குற்றங்களில் ஏழைகளுக்கு அரசு வழக்கறிஞரை அளிக்க வேண்டும் என்றது. மிராண்டா வழக்கு (1966), காவல்துறை விசாரணைக்கு முன்பே வழக்கறிஞர் உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1984-ஆம் ஆண்டுச் சட்டம், காவல் நிலையத்தில் உள்ளவருக்கு வழக்கறிஞரைத் தனிமையில் கலந்தாலோசிக்கும் உரிமையை அளிக்கின்றது. இலங்கை அரசியலமைப்பின் 13(3)-ஆம் உறுப்பு, குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நியாயமான விசாரணையைப் பெறும் உரிமையைக் கூறுகின்றது.

விமர்சனங்கள்

இந்தியச் சட்டத்தில் உள்ள முதன்மையான குறை, காவல் நிலையத்தில் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமைக்கும் அரசின் செலவில் வழக்கறிஞரைப் பெறும் உரிமைக்கும் இடையே உள்ள இடைவெளியாகும். முன்னது கைதான உடனே தொடங்குகின்றது. பின்னது, கசாப் தீர்ப்பின்படி, நடுவர் முன் நிறுத்தப்படும்போது தொடங்குகின்றது. ஆகவே பணமில்லாதவர் மிகுந்த அச்சத்துடன் இருக்கும் முதல் இரவைத் தனியே கழிக்க நேரிடுகின்றது. இதனைக் குறைக்கும் நோக்குடன், கைதுக்கு முன்னும் கைதின்போதும் சட்ட உதவி வழங்குவதற்கான நெறிமுறையைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2019-இல் வகுத்தது.

அரசு நியமிக்கும் வழக்கறிஞர்களுக்குப் போதிய ஆயத்த நேரம் கிடைப்பதில்லை என்பது மற்றொரு விமர்சனம். மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு மரண தண்டனை வழக்கில், வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டு, இரண்டு வாரங்களுக்குள் தீர்ப்பும் வழங்கப்பட்டது. 2019-இல் அத்தண்டனையை நீக்கிய உச்ச நீதிமன்றம், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவம் உடையவரே நியமிக்கப்பட வேண்டும் என்றும், அவருக்குப் பொதுவாகக் குறைந்தது ஏழு நாட்கள் அவகாசம் தரப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இவற்றையும் பார்க்கவும்

- அடிப்படை உரிமைகள் (இந்தியா)
- ஆட்கொணர்வு மனு
- பிணை
- முதல் தகவல் அறிக்கை
- தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு